எவருக்கு எந்த அலை?

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஒரு கடற்கரைப் பிரயாணம் சென்று வந்தேன். அது முதல் நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "எங்கள் பிள்ளைகளும் அலைச்சறுக்கு விளையாட வேண்டும் என்கிறார்கள். எந்தக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைக் காட்டிலும், நம் மாத இதழில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று செயலாளர் சொன்னார். நான் எழுத்தாளன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன். நீச்சலும் அறியேன். ஆயினும், கடற்கரையில் ஒரு பெருந்தவறு செய்து, தெய்வாதீனமாகத் தப்பியவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தத் தகுதி ஒன்றைக் கொண்டே இதை எழுதத் துணிந்தேன்.

நாகபுரியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்துப் படம். இவ்வூரிலிருந்து எத்திசையில் சென்றாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்தால்தான் அலையின் ஓசையைக் கேட்க இயலும். மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, அம்பாஜரி ஏரிக்கரைக் காற்றையே கடற்காற்றாக எண்ணி நாம் திருப்தி அடைகிறோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு ஆண்டுகளாக நகராட்சிக் குளத்தில் நீச்சல் பயின்றவள். மகனுக்கு ஒன்பது வயது. அவன் அறிந்த நீர்நிலை குளியலறை வாளி ஒன்றே. என் மைத்துனன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆறு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் அலைச்சறுக்குப் பலகையுடன் கடலில் இறங்குபவன். அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஆசை பிறந்தது.

நாகபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். பகலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். மறுநாள் காலை சென்னை சேர்ந்தோம். நிலையத்துக்கு வந்திருந்த மைத்துனன், எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அத்தான், நாம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து விதமான கடல் வேண்டும்" என்றான். அப்போது அதை வேடிக்கையாக எண்ணினேன். பிறகுதான் அதுவே முழு சாஸ்திரம் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் கோவளம் சென்றோம். இங்கே ஒரு ரயில்வேக்காரனின் எச்சரிக்கை: கோவளம் என்ற பெயரில் ஒன்றல்ல, மூன்று கடற்கரை ஊர்கள் உள்ளன. ஒன்று சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், மாமல்லபுரம் செல்லும் வழியில் இருக்கிறது. மற்றொன்று கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்தது. மூன்றாவது கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள மீனவர் சிற்றூர். பயணச்சீட்டு எடுக்கும் முன் எந்தக் கோவளம் என்று உறுதி செய்துகொள்வது நலம். நான் கூறுவது சென்னைக் கோவளத்தைப் பற்றி.

இது பழைய துறைமுகம். இங்கிருந்த கோட்டையைக் கிளைவ் 1752-ஆம் ஆண்டில் கைப்பற்றியதாகச் சரித்திரம் கூறுகிறது. தமீம் அன்சாரி தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் அருகருகே அமைந்துள்ளன. இவ்வூரில் அலைச்சறுக்கை வளர்த்தவர்கள் மீனவ இளைஞர்களே. மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தாம் கற்ற வித்தையைத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இங்கே ஒரு பயிற்சிப் பள்ளி எழக் காரணமாக இருந்தார். கட்டுமரத்தில் நின்றுகொண்டே அலையைக் கடந்து வரும் பரம்பரையினருக்கு ஒரு பலகையின் மீது நிற்பது அயலான வித்தை ஆகுமா? ஹவாய்த் தீவினரிடமிருந்து உலகுக்கு வந்த விளையாட்டு இது; 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம் பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. அதில் இரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார் என்பதை அன்பர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம்.

முதல் நாள் மைத்துனன் எங்களை உடனே நீரில் இறங்க விடவில்லை. அரைமணி நேரம் மணலில் உட்கார வைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னான். அங்கே அவன் விளக்கியவற்றை என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன்.

நாம் காணும் பேரலைகள் நம் கரைக்காற்றினால் மட்டும் எழுவன அல்ல. தெற்கே, இந்துமாக் கடலின் கடைக்கோடியில் வீசும் பெரும் புயல்களால் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரையை அடைகின்றன. ஆழ்கடலில் அவை வெறும் ஏற்ற இறக்கமே. கரையை நெருங்க நெருங்க அடித்தரை தடுக்கிறது, அலை உயர்கிறது. நீரின் ஆழம், அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அலை தலைகுப்புற உடைகிறது. ஆகவே, எந்த இடத்தில் எவ்வாறு உடையும் என்பதை நிர்ணயிப்பது நீருக்கு அடியில் உள்ள தரை.

தரை மூவகைப்படும். மணல் தரையின் மேல் உடையும் அலை முதல் வகை. சரிவு மெதுவாக இருந்தால் அலையும் மெதுவாக உடைந்து, வெள்ளை நுரையாகி, இடுப்பளவு நீரில் கரையை நோக்கி உருண்டு வரும். விழுந்தாலும் மணல். புதியவருக்கு ஏற்றது இதுவே. ஆனால் மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று நல்லதாயிருந்த இடம் இன்றும் நல்லதாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. நிலமுனையையோ பாறைக் குவியலையோ சுற்றி வளைந்து, ஒரு பக்கமாகவே நெடுந்தொலைவு உடைந்து செல்லும் அலை இரண்டாம் வகை. பழகியவர் விரும்புவது அது. நீருக்கடியில் பவளப்பாறை மீதோ கரும்பாறை மீதோ உடைவது மூன்றாம் வகை. அழகில் அதற்கு ஈடில்லை, அபாயத்திலும் ஈடில்லை. அங்கே விழுபவன் கத்திமுனையில் விழுகிறான்.

மகளுக்கு ஒன்பதடி நீளமுள்ள மெத்தென்ற பலகை ஒன்றை அமர்த்தினோம். நீளமும் அகலமும் மிகுந்த பலகை ஆடாது. தலையில் பட்டாலும் காயம் குறைவு. பலகையையும் கணுக்காலையும் ஒரு கயிறு இணைக்கும். முதலில் மணலிலேயே பயிற்சி. குப்புறப் படுப்பது, இரு கைகளாலும் நீரைத் துழாவுவது, அலை பின்னால் வந்து தூக்கும்போது மார்புக்கு அருகில் கைகளை ஊன்றி எழுவது, முழங்காலை மடித்து நிற்பது. பயிற்சியாளரான மீனவ இளைஞர் அவளோடு இடுப்பளவு நீரில் நின்று, தக்க நுரையலை வரும்போது பலகையைத் தள்ளிவிட்டார். பதினாறு முறை விழுந்தாள். பதினேழாம் முறை நின்றாள். ஐந்தாறு விநாடிகள் இருக்கலாம். ஆனால் அந்த முகத்தில் இருந்த ஒளியை எத்தனை ஆண்டு கழிந்தாலும் நான் மறவேன். மகன் முழங்கால் நீரில் அலையை எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. என் மனைவி அவன் கையை விடவில்லை. ஐந்து பேருக்கும் அவரவர் கடல் கிடைத்தது.

மூன்றாம் நாள்தான் அந்தத் தவறு நிகழ்ந்தது.

மைத்துனனுக்கும் ஒரு நாள் வேண்டுமல்லவா? தன் திறமைக்கு ஏற்ற அலையை நாடி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கரைக்கு எங்களை அழைத்துச் சென்றான். ஊரின் பெயர் வேண்டாம்; குற்றம் ஊரினுடையது அன்று. கரையில் ஒரு பாறை வரிசை கடலுக்குள் நீண்டிருந்தது. அலைகள் ஆள் உயரம். அவன் தன் சிறிய பலகையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, "அத்தான், இன்று இந்த இடம் எனக்கு மட்டும். பாப்பாவின் பலகை வண்டியிலேயே இருக்கட்டும். மாலையில் அவளைக் கோவளத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லிச் சென்றான்.

ஒரு மணி நேரம் கழிந்தது. மகள் என் அருகில் வந்து நின்றாள். "அப்பா, நேற்று எட்டு முறை நின்றேன். ஒரே ஒரு முறை மட்டும் போய் வரட்டுமா?" என்றாள். என் மனைவி மகனுடன் இளநீர்க் கடைக்குச் சென்றிருந்தாள். மறுத்திருக்க வேண்டும். ஆனால் என் உள்ளத்தில் அப்போது இருந்தது என்ன என்பதை மறைக்காமல் கூறிவிடுகிறேன். நம் ஊர் நண்பர்களுக்கு அனுப்ப ஒரு நல்ல படம் கிடைக்கும் என்று எண்ணினேன். நேற்றைய படங்களில் அவள் இடுப்பளவு நீரில் நிற்பதுபோல் இருந்தது எனக்குக் குறையாகத் தோன்றியது. பலகையை எடுத்துக் கொடுத்தேன். அதுமட்டுமன்று, பாறை ஓரமாக அலையே உடையாத ஓர் இடைவெளியைச் சுட்டிக் காட்டி, "அதோ, அங்கே அமைதியாக இருக்கிறது. அவ்வழியே போ" என்று சொன்னவனும் நானே.

அன்பர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் கருத்து, வழவழப்பாக, அமைதியாகத் தோன்றினால், அது பாதுகாப்பான வழி அன்று. கரைக்கு வந்து சேர்ந்த நீர் அனைத்தும் மீண்டும் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. நுரையும் கலங்கல் மணலும் அவ்விடத்தில் கடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். அந்த நீரோட்டம் வலுத்தால், விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் ஓடும். உலகப் போட்டிகளில் நீந்தும் வீரனும் அதை எதிர்த்து நீந்த இயலாது.

மகள் பலகையில் படுத்த இரண்டு நிமிடத்தில் பாறை முனையைத் தாண்டிவிட்டாள். முதலில் அவள் விரைவைக் கண்டு மகிழ்ந்தேன் என்று எழுத என் கை நடுங்குகிறது. பிறகு அவள் திரும்பி, கரையை நோக்கித் துழாவத் தொடங்கினாள். துழாவத் துழாவ அவள் தலை சிறிதாகிக்கொண்டே போயிற்று. கூவினேன். அலையோசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீச்சல் அறியாதவன் கடலில் இறங்கி என்ன செய்வான்? முழங்கால் நீரில் நின்று கையை வீசினேன்.

மைத்துனன் பார்த்துவிட்டான். தான் பிடிக்க இருந்த அலையை விட்டுவிட்டு அவளை நோக்கி விரைந்தான். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு வர முயலாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் இருவரும் சென்றார்கள். நீரோட்டத்தின் அகலத்தைக் கடந்து, அலை உடையும் இடத்தை அடைந்ததும், நுரையே அவர்களைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பலகையும் கணுக்கால் கயிறும் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

மைத்துனன் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "தம்பி வேண்டாம் என்று சொல்லியிருந்தானா?"

"சொல்லியிருந்தான்" என்றேன்.

அதற்குமேல் அன்று அவள் என்னிடம் பேசவில்லை. ரயில்வேயில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்க்கிறேன். சிவப்பு விளக்கைக் கடந்து வண்டியைச் செலுத்துவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் இலாகாவில் இல்லை. வண்டி மோதாமல் தப்பினாலும் குற்றம் குற்றமே. அன்று நான் செய்தது அதுவே.

மறுநாள் மகள் கடலில் இறங்க மறுத்துவிட்டாள். அறைச் சன்னலைக்கூடச் சாத்தச் சொன்னாள். ஊர் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். அப்போது என் மனைவி வாய் திறந்தாள்: "இப்படியே திரும்பினால், கடல் என்றாலே இவளுக்கு வாழ்நாள் முழுவதும் அந்தப் பத்து நிமிடம்தான் நினைவுக்கு வரும். முதல் நாள் நின்றாளே, அந்த இடத்துக்கே அழைத்துப் போங்கள்." மீண்டும் கோவளம் சென்றோம். மகள் மணலில் அமர்ந்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்களும் இறங்குவதானால் வருகிறேன், அப்பா" என்றாள்.

முப்பத்தெட்டு வயதில், தொந்தியும் சரக்கு அலுவலக நாற்காலியில் மரத்த இடுப்புமாக, நானும் ஒரு மிதவைச் சட்டை அணிந்து பலகையில் குப்புறப் படுத்தேன். ஒரு முறையும் நிற்க முடியவில்லை. மூக்கிலும் காதிலும் உப்பு நீர். எட்டாம் முறையோ ஒன்பதாம் முறையோ விழுந்து எழுந்தபோது, இடுப்பளவு நீரில் நின்றிருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே தன் பலகையைத் திருப்பி, அடுத்த நுரையலைக்குக் காத்திருந்தாள். இடுப்பளவு நீர் குறைவானது என்று மூன்றாம் நாள் எண்ணியவனுக்கு, அந்த இடுப்பளவு நீரைவிட மேலான கடல் உலகில் இல்லை என்று அன்று தோன்றிற்று.

இனி, கேட்ட அன்பர்களுக்கு நான் அறிந்தவரை விடை.

முதன்முறை கற்பவர்களுக்குச் சென்னைக் கோவளம் நல்லது. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. மேற்குக் கரையில் கர்நாடகத்தின் முல்கி சிறந்தது. மங்களூருக்கு வடக்கே, சாம்பவி ஆறு கடலுடன் கலக்கும் இடம். கொங்கண் ரயில் பாதையில் நிலையமும் உண்டு. நம் நாட்டில் இவ்விளையாட்டு முதலில் வேரூன்றிய இடங்களுள் அது ஒன்று. கற்று முடித்து, உடையாத அலையைத் தாமே பிடிக்கத் தெரிந்தவர்கள் மாமல்லபுரத்தையும், கேரளத்தின் வர்க்கலையையும், தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாட்டையும் நாடலாம். அங்கும் உள்ளூர்க்காரர் துணை வேண்டும். பவளப்பாறை மீது உடையும் அலைகள் சின்ன அந்தமான் தீவில் உள்ளன. அவை பல ஆண்டுகள் பழகிய வல்லுநர்க்கு உரியவை. நாம் கரையிலிருந்து பார்த்து மகிழலாம்.

காலமும் இடத்தைப் போலவே முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். புதியவர் அங்கே செல்லலாகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் மழையும் புயலும். ஆகவே தீபாவளி விடுமுறையில் செல்பவர் முல்கிப் பக்கமும், கோடையில் செல்பவர் சென்னைப் பக்கமும் செல்வது பொருத்தம். எங்கு சென்றாலும் விடியற்காலையே உகந்த நேரம். பிற்பகலில் கடற்காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் நாள்தோறும் அலை உயரத்தை முன்னறிவிக்கிறது. கிளம்பும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலின் அலை திடீரென்று கரையேறுவது உண்டு. கேரள மீனவர் அதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்பதற்கு நாணம் எதற்கு?

கடைசியாக ஒன்று. இறங்கும் முன் அரைமணி நேரம் கரையில் அமர்ந்து பாருங்கள். பேரலைகள் நான்கைந்தாகக் கூட்டமாக வரும். இடையில் நெடுநேரம் கடல் உறங்குவதுபோல் இருக்கும். அந்த உறக்கத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். அருகில் வலை பின்னும் மீனவர் இருந்தால், "இன்று எங்கள் பிள்ளைகளை இறக்கலாமா, ஐயா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதைச் சிவப்பு விளக்காகக் கொள்ளுங்கள்.

வரும் கோடையிலும் செல்வதாக உத்தேசம். பாஸ் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மகனுக்கு இப்போது ஞாயிறுதோறும் நீச்சல் வகுப்பு. அவனுடன் குளத்தின் ஆழம் குறைந்த ஓரத்தில், சிறுவர்களுக்கு நடுவே, நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.